மக்கள் பூங்காவின் 116 ஏக்கர்

சென்னையில் பூங்கா நகர் என்றொரு பகுதி உண்டு. அஞ்சல் முகவரிகளில் அந்தப் பெயர் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்ரயில் 'பார்க்' என்னும் நிலையத்தில் நிற்கிறது. இறங்கி, பூங்கா எங்கே என்று கேட்டால் பெரும்பாலோர் சென்ட்ரலுக்குப் போகும் சுரங்கப்பாதையைத்தான் காட்டுவார்கள். நாளும் பல்லாயிரம் வாய்கள் உச்சரிக்கும் அந்தப் பெயருக்குக் காரணமான 116 ஏக்கர் நிலம் என்னவாயிற்று என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். ஒரு நகரம் தன் மக்கள் உலாவவும் விளையாடவும் எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்வியைவிட, தேர்ந்தெடுத்த இடத்தை அதன்பின் என்ன செய்கிறது என்ற கேள்விதான் கடினமானது என்று நமக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னைப்பட்டணம் இரண்டு ஊர்களாக இருந்தது. துரைமார்களுக்கு எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் தோட்ட வீடுகள். வீட்டைச் சுற்றியே பூங்கா இருந்தவர்களுக்குப் பொதுப்பூங்கா எதற்கு? மறுபுறம், பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய கறுப்பர் நகரம். சந்தும் பொந்துமாக, வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டி நெருங்கிக் கிடந்த வணிகப் பட்டணம் அது. பிரெஞ்சுக்காரரிடமும் ஹைதர் அலியிடமும் பட்ட பாட்டுக்குப் பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலின் செலவை உள்ளே வாழ்பவர்களிடம் வரியாக வாங்கிவிடலாம் என்று கும்பெனி நினைத்தது. அந்த நினைப்பின் எச்சமாகவே வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் இன்றும் நிற்கிறது. படையெடுப்பின் அச்சம் நீங்கியபின் மதில் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும் சுவராக மட்டுமே எஞ்சியது.

1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அந்த மேற்கு மதிலுக்கு வெளியே இருந்த திறந்த நிலத்தை மக்கள் பூங்காவுக்கென்று தேர்ந்தெடுத்தார். டிரெவெல்யனை வள்ளல் வரிசையில் வைப்பதற்கு நமக்குக் கை வரவில்லை. மெக்காலேயின் தங்கை கணவர். அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் அமர்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்று அயர்லாந்து மக்கள் இன்றளவும் மறக்காத பெயர். அதே மனிதர் சென்னையில், இந்தியர்மீது வருமான வரி விதிக்கக் கல்கத்தாவில் ஜேம்ஸ் வில்சன் வகுத்த திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்து, தம் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்து, 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். ஒரே ஆளுக்குள் எத்தனை ஆட்கள் என்று வியக்கத் தோன்றுகிறது. எப்படியாயினும், பூங்கா முழு வடிவம் பெற்றபோது அவர் இங்கே இல்லை.

அவருடைய இடத்தேர்வு மட்டும் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பூங்கா யாருக்குத் தேவையோ அவர்களுடைய வாசலிலேயே அது அமைந்தது. ஒருபுறம் கறுப்பர் நகரம், இன்னொருபுறம் வேப்பேரியும் பெரியமேடும். நடந்தே வந்துவிடலாம், வண்டி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டியதில்லை. குளங்களும் வண்டிப்பாதைகளும் பாண்டு வாத்திய மேடையுமாகப் பூங்கா உருவாயிற்று. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855-இல் தொடங்கியிருந்த விலங்குக் கூட்டம் 1863-இல் இங்கே இடம்பெயர்ந்தது. பதப்படுத்திய உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மூச்சு விடும் விலங்குகள் இருந்த இந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் பட்டணத்து மக்கள் அழைத்தார்கள். இவ்வளவு துல்லியமான கலைச்சொல்லை எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் இதுவரை தந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நடந்து வரும் தூரத்தில் இருப்பது பூங்காவுக்கு மட்டும் உரிய தகுதியன்று. சந்தைக்கும் அதுதான் தகுதி; மண்டபத்துக்கும் அலுவலகத்துக்கும் அதுவே. 1873-இல் பூங்காவின் பக்கத்திலேயே சென்ட்ரல் ரயில் நிலையம் வந்து சேர்ந்ததும், மதிலுக்கு வெளியே கிடந்த விளிம்பு நிலம் மாகாணத்தின் நடுவாசலாகிவிட்டது. அதன்பின் யார் எதைக் கட்ட நினைத்தாலும் கண் முதலில் போய் விழுந்த இடம் பூங்காதான். விலை கொடுக்க வேண்டாம், யாரையும் காலி செய்ய வேண்டாம், மரங்கள் மனுக் கொடுக்கப்போவதுமில்லை.

முதலில் நகர மண்டபம். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு முன்னின்று 1883-இல் அடிக்கல் நாட்டினார். நிலம் பூங்காவிலிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரைப் பெற்ற அந்த மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை மேடையேற்றியது. தமிழ் நாடக வரலாற்றிலிருந்து அந்தக் கட்டடத்தை நம்மால் கழிக்க முடியாது. ஆகவே அது அங்கே வந்திருக்கக் கூடாது என்று சொல்ல நமக்கு வாய் எழவில்லை. இந்தக் கதை முழுவதிலும் உள்ள சங்கடம் இதுதான். பூங்காவைத் தின்றவற்றில் தீயதென்று ஒன்றுமில்லை.

அந்த மண்டபம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் பூங்கா தன் பெருந்துயரத்தைக் கண்டது. ஆண்டு முடிவில் அங்கே கூடும் கண்காட்சி, ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றிப் பட்டணமே திரளும் திருவிழா. 1886 டிசம்பர் 31 அன்று கண்காட்சிக் கொட்டகைகளில் பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 'மக்கள் பூங்கா' என்ற பெயர் அலங்காரத்துக்காக வைத்ததன்று என்பதற்கு அந்தக் கூட்டமே சான்று. அத்தனை பேர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பும் இடத்தை நகரம் வேறு காரியங்களுக்கு எடுத்துக்கொண்டது.

அடுத்து மூர் மார்க்கெட். பிராட்வேயின் பழைய சந்தை நெரிசலுக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, 1900-இல் திறக்கப்பட்டது. இலக்கிய வாசகர்களுக்கு இதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பழைய புத்தகக் கடைகளின் வரிசை, பேரம் பேசி வாங்கிய பைண்டு செய்த தொடர்கதைகள், முதல் பக்கத்தில் யாரோ ஒருவருடைய கையெழுத்து. தமிழில் மூன்று தலைமுறை வாசிப்பு அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. அதுவும் பூங்காவில் வெட்டி எடுத்த துண்டுதான்.

மூன்றாவது, காவலரே கைவைத்த கதை. பூங்காவின் பாதுகாவலராக இருக்க வேண்டிய மாநகராட்சி, தனக்கென்று ஒரு மாளிகை வேண்டுமென்று 1909-இல் அடிக்கல் நாட்டி, ஏழரை லட்சம் ரூபாய் செலவில் 1913-இல் குடிபுகுந்தது. உள்ளாட்சியின் தந்தை எனப்படும் ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு. உள்ளூர் மக்களுக்கு அதிகாரம் தந்தவரின் பெயரால், உள்ளூர் மக்களின் பூங்காவில் ஒரு கட்டடம். இதற்குப் பிறகு வேறொரு துறை வந்து நிலம் கேட்டால் மறுப்பதற்கு மாநகராட்சிக்கு எந்த முகம் இருந்திருக்கும்?

விளையாட்டின் கதை சற்று வேறு. சேப்பாக்கம் மைதானம் வெள்ளையரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பிடம் இருந்தது. அங்கே இந்தியர்களுக்குக் கிடைத்த மரியாதையைச் சகிக்காமல்தான் புச்சிபாபு நாயுடு 1888-இல் இந்தியர்களுக்கான மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மைதானம் என்பதும் யாரை உள்ளே விடுவது என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு விடையாகப் பொதுவான ஒரு விளையாட்டரங்கு வேண்டும் என்றால், அதற்குப் பூங்கா நிலத்தை விடப் பொருத்தமான இடம் இருந்திருக்க முடியாது. மாநகராட்சி விளையாட்டரங்கம் அங்கே அமைந்தது. 1956 ஜனவரி முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள், மொத்தம் ஒன்பது, இங்கேதான் நடந்தன. முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தார்கள். 52 ஆண்டுகள், 2008 வரை, உலகில் எவரும் அதைத் தாண்டவில்லை. 1967-இல் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. பழைய அரங்கு 1993-இல் புதிதாகக் கட்டப்பட்டு, 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன.

பூங்காவின் முதல் நோக்கத்தோடு உறவு முற்றிலும் அறாத கட்டடம் இது ஒன்றே எனலாம். ஆனாலும் உலாவ வரும் கிழவருக்கும் பந்து உருட்டும் சிறுவனுக்கும் திறந்திருந்த நிலம், வாயிற்கதவும் நுழைவுச்சீட்டும் உள்ள நிலமாக மாறியது. ஓடுபவர் நூறு பேர், பார்ப்பவர் பல்லாயிரம் என்ற கணக்கு பூங்காவின் கணக்குக்கு நேர்மாறானது.

1985-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தின்மேல் ரயில்வேக்கு முன்பே கண் இருந்ததால், தீயைப் பற்றிய ஐயம் நகரத்தார் பேச்சிலிருந்து அகலவேயில்லை. பின்னர் அங்கே புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு வளாகமும் எழுந்தன. கடையிழந்தவர்களுக்கு மாற்றிடம் தந்த வணிக வளாகத்துக்கு அல்லிக்குளம் என்று பெயர். காரணம் எளிது: பூங்காவின் அல்லிக்குளம் இருந்த இடம் அது. நீர் போய், பூ போய், பெயர் மட்டும் பலகையில் ஏறிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. பூங்கா நிலத்தில் குடியேறியவற்றில், இடம் போதவில்லை என்று உணர்ந்து தானாக வெளியேறியது உயிர் காலேஜ் ஒன்றுதான். ஆனால் அது போன பின்னும் பூங்கா வளரவில்லை.

எஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு. பக்கத்திலேயே கண்ணப்பர் திடல். 2002-இல் ரிப்பன் கட்டடத்தை ஒட்டிய நடைபாதையில் வாழ்ந்த குடும்பங்களைத் தற்காலிகமாக அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் தற்காலிகம் இருபது ஆண்டுகளைத் தாண்டியது. அரண்மனைக்கு இடம் கொடுத்த நிலம், அதன் வாசலில் படுத்திருந்தவர்களுக்கு ஒழுகும் கூரையைக் கொடுத்தது.

இதே நகரத்தில் பனகல் பூங்கா ஏன் பிழைத்தது என்று யோசிக்கலாம். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் தியாகராய நகரை வகுத்தபோது, பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை அதைச் சுற்றி விரித்தார்கள். பூங்காவைப் பார்த்தபடி வீடுகள் இருந்தன. வீடுகளில் வாக்காளர்கள் இருந்தார்கள். மக்கள் பூங்காவைச் சுற்றி வந்து போகிறவர்களே இருந்தார்கள். சந்தைக்கு வந்தவர், ரயிலுக்கு வந்தவர், ஆட்டம் பார்க்க வந்தவர். வந்து போகிறவன் எதற்காகவும் வழக்குப் போடமாட்டான். (பனகல் பூங்காவிலும் மெட்ரோ ரயிலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள் என்பது வேறு விஷயம்.)

2024-இல் தமிழக அரசு கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்தது. 160 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை, வாடகை ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். வெள்ளக் காலத்து நீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன, வழக்குகளும் தொடர்ந்தன. தோட்டக்கலைத் துறைக்குப் பூங்கா அமைக்க ஒதுக்கப்பட்ட பரப்பு 118 ஏக்கர். டிரெவெல்யன் தேர்ந்ததைவிட இரண்டு ஏக்கர் கூடுதல். ரயில் நிலையம் மிக அருகில்.