பியானோவின் மாற்றுச் சுருதியமைப்புகள்

பியானோவின் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம இடைவெளியில் நிறுத்தும் இன்றைய முறை பல சாத்தியங்களுள் ஒன்றே. இயற்கை விதித்த நியதி அன்று. 3:2 விகிதத்தில் அமைந்த தூய ச–ப இடைவெளிகள் பன்னிரண்டை அடுக்கினால் ஏழு ஸ்தாயிகளைவிட ஏறத்தாழ 23.5 சென்ட் (சென்ட் என்பது அரைத்தொனியின் நூறில் ஒரு பங்கு) மிஞ்சுகிறது. சம முறை இந்த மிகுதியைப் பன்னிரண்டிலும் பங்கிடுகிறது. ஜெர்மானியர் ஆந்திரேயாஸ் வெர்க்மைஸ்டர் 1691இல் விளக்கிய முறைகளுள் ஒன்று, அதை நான்கு இடைவெளிகளில் மட்டும் கழித்து, மற்ற எட்டையும் தூய்மையாக விடுகிறது. விளைவைக் காதால் உணரலாம். நடு சி–இ இணையில் சம முறையில் விநாடிக்குச் சுமார் 10 விம்மல்கள் (ஒலி ஏறியிறங்கும் துடிப்புகள்) எழும்; வெர்க்மைஸ்டர் முறையில் அது 3 ஆகத் தணியும். சி ஷார்ப்–எஃப் இணையிலோ 17 ஆகப் பெருகும். சி மேஜர் அமைதி கொள்கிறது, தொலைவான மேஜர்கள் பதற்றம் கொள்கின்றன. இந்த நிறபேதமே இம்முறையின் செல்வம்.

எல்லா மேஜர், மைனர்களிலும் வாசிக்கச் சம முறைதான் வேண்டும் என்பது வழக்கமான மறுப்பு. வெர்க்மைஸ்டர் முறையிலும் இருபத்துநான்கும் வாசிக்கத்தக்கவையே. 1722இல் இசையமைப்பாளர் பாக் தொகுத்த ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ சம முறையை நிரூபிப்பதாகச் சொல்வதும் பொருந்தாது. தாம் எம்முறையில் சுருதி சேர்த்தார் என்று பாக் எழுதிவைக்கவில்லை. இசையமைப்பாளர் டெபுஸியின் முழுத்தொனி வரிசைக்குச் சம முறையே தகும் என்ற வாதம் வலுவானது, ஏற்கத்தக்கது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுப் படைப்புகளுக்கு அதையே கட்டாயமாக்குவதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை.