மயிலாப்பூரைத் தேடினால்: 'ரீ'யும் 'ரீஜெக்ஸ்'ஸும்

சந்தாதாரர் முகவரிப் பட்டியலிலிருந்து மயிலாப்பூர்க்காரர்களை மட்டும் பிரித்தெடுக்கப் பைத்தானில் ஒரு வரி போதும். பேட்டர்னை ஒருமுறை கம்பைல் செய்து, அதன் 'சர்ச்' ஃபங்ஷனை அப்படியே 'ஃபில்டர்' கையில் கொடுத்துவிட்டால் லூப்பே வேண்டாம். ('மேட்ச்' கொடுத்துவிடாதீர்கள், அது வரியின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். நம் முகவரிகளில் கதவு எண் அல்லவா முதலில் வருகிறது!) பைத்தானோடு கூடவே வரும் 'ரீ'யிலும், தனியாக நிறுவ வேண்டிய 'ரீஜெக்ஸ்' லைப்ரரியிலும் இந்தக் குறுக்குவழி ஒன்றேதான்.

பின்கோட்டை மட்டும் தேடினால் வித்தியாசம் தெரியாது. மயிலாப்பூர் 600004, தி.நகர் (தியாகராய நகர்) 600017, அடையாறு 600020: இரண்டு லைப்ரரியும் ஒரே பதிலைத் தரும்.

பெயரைத் தமிழில் கொடுத்தால்தான் 'ரீ' கவிழ்கிறது. முழுச் சொல்லாக மட்டும் எடு என்பதற்கு இருபுறமும் பேக்ஸ்லாஷும் சின்ன 'பி'யும் போடுவது வழக்கம். அப்படித் தேடினால், பின்னால் காற்புள்ளியோ இடைவெளியோ உள்ள எந்த மயிலாப்பூரும் சிக்காது. அடையாறும் வராது, நகரும் வராது. 'தியாகராய' மட்டும் வரும்! புள்ளியையும் துணைக்கால், கொம்பு போன்ற குறிகளையும் 'ரீ' சொல்லின் பகுதியாகவே மதிப்பதில்லை. 'ர்' புள்ளியில் முடிகிறது, 'று' உகரக் குறியில். 'ய' மட்டுமே குறியில்லாத எழுத்து. சொற்களாகப் பிரிக்கச் சொன்னாலோ, மயிலாப்பூர் 'மய, ல, ப, ப, ர' என்று ஐந்து துண்டாகிவிடும்.

'ரீஜெக்ஸ்' யூனிகோடு வரையறையைப் பின்பற்றுவதால் சொல் சிதறாமல் முழுதாக வருகிறது. பேக்ஸ்லாஷும் பெரிய 'எக்ஸ்'ஸும் போட்டால் எழுத்துகளையும் நாம் எண்ணுவதுபோலவே எண்ணும்: மயிலாப்பூருக்கு 6, அடையாறுக்கு 4. பைத்தானின் சாதாரண நீளக் கணக்கில் இவை 11, 7. 'ரீ'யிடம் அந்தக் குறியைக் கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும்.

ஓரிடத்தில் இரண்டையுமே நம்ப முடியாது. அடையாறு, அடையார் இரண்டையும் பிடிக்க 'று', 'ர்' என்பவற்றைச் சதுர அடைப்புக்குள் போட்டால், இரண்டு லைப்ரரியும் முழு எழுத்தை விட்டு ஒற்றை யூனிகோடு குறியைத்தான் எடுக்கும். பிறை அடைப்பில் நடுவே நெடுங்கோடிட்டு எழுதுவதே சரி.

அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்கள், தேடும் சொல்லுக்கு முன்னும் பின்னும் யூனிகோடின் தமிழ்ப் பகுதியிலுள்ள 128 இடங்களில் எதுவும் வரக்கூடாது என்று 'ரீ'யிலேயே எழுதலாம். வேலை நடக்கும், ஆனால் அந்தப் பேட்டர்னை ஆறு மாதம் கழித்து எழுதியவராலேயே படிக்க முடியாது.

அனுமதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'ரீஜெக்ஸ்'ஸை 'ரீ' என்ற பெயரிலேயே இம்போர்ட் செய்துகொள்ளுங்கள். மற்ற வரிகள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.