முந்திப் பிறந்த டேட்டாபேஸ்கள்

ஆரக்கிளில் ஓடும் பழைய டேட்டாபேஸ்களை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: "எல்லாமே எஸ்க்யூஎல்தானே, இங்கே ஓடுகிற க்வெரி அங்கே ஏன் ஓட மாட்டேன் என்கிறது?" பதிலுக்கு நான் வருஷங்களைச் சொல்லுவேன். எந்த வசதியை யார், எப்போது கொண்டுவந்தார்கள் என்று தெரிந்தால் பாதி எரருக்குக் காரணம் விளங்கிவிடும்.

1970-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், தரவுகளை உறவுகொண்ட டேபிள்களாக வைத்துக் கையாளும் முறையை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அதற்கான, பிற்பாடு எஸ்க்யூஎல் எனப்பட்ட, கேள்வி மொழியை அதே கூடத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வகுத்தார்கள். ஐபிஎம் அந்த மொழியை 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனைத் திட்டத்தில் வளர்த்தபடியே ஆய்வுக் கட்டுரைகளையும் வெளியிட்டது. அவற்றைப் படித்த லாரி எலிசன் குழுவினர் 1979-இல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐபிஎம்மின் முதல் சொந்தத் தயாரிப்பு 1981-இலும், அதன் டிபி2 1983-இலும்தான் வந்தன. பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலானோர் உருவாக்கிய இங்கிரெஸ், 'க்வெல்' என்ற வேறு மொழியை வைத்துக்கொண்டிருந்தது. அதன் வழிவந்த போஸ்ட்கிரெஸ் எஸ்க்யூஎல்லுக்கு மாறியது 1990-களின் நடுவில்.

இதற்கிடையில், 1986-இல், அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி எஸ்க்யூஎல்லுக்கான முதல் ஸ்டாண்டர்டை வெளியிட்டது. ஆரக்கிள் வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த முதல் ஸ்டாண்டர்டில் தேதிக்கென ஒரு வகை இல்லை. நீளம் மாறக்கூடிய எழுத்து வகை இல்லை. இரண்டு சொற்களை ஒட்டுவதற்குக் குறி இல்லை. டேபிள்களை இணைக்கும்போது ஜோடி கிடைக்காத வரிகளையும் விடாமல் தரும் அவுட்டர் ஜாயின் இல்லை. இவையெல்லாம் 1992 பதிப்பில்தான் சேர்ந்தன. சம்பளக் கணக்கு போடும் அலுவலகம் தேதி இல்லாமல் அதுவரை காத்திருக்க முடியாது. வாடிக்கையாளர் கேட்டார்கள், நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்து கொடுத்தன. அவுட்டர் ஜாயினுக்கு ஆரக்கிள் அடைப்புக்குறிக்குள் கூட்டல் குறி போட்டது. சைபேஸ் நிறுவனம் நட்சத்திரத்தையும் சமக்குறியையும் சேர்த்துப் போட்டது. சைபேஸோடு கூட்டு வைத்துத் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரும் அதையே எடுத்துக்கொண்டது. சொற்களை ஒட்ட ஆரக்கிளில் இரட்டைச் செங்கோடு, எஸ்க்யூஎல் சர்வரில் கூட்டல் குறி. 1995-இல் வந்த மைஎஸ்க்யூஎல்லிலோ, அமைப்பை மாற்றாமல் விட்டால், அந்த இரட்டைச் செங்கோட்டுக்கு 'அல்லது' என்று அர்த்தம்.

முதல் பத்து வரிகளை மட்டும் எடுக்கும் வசதி ஸ்டாண்டர்டில் சேர்ந்தது இவற்றைவிடத் தாமதம். ஸ்டாண்டர்ட் அதற்கு வழி சொன்னது 2008-இல். அதற்குள் எஸ்க்யூஎல் சர்வரில் 'டாப்', மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் 'லிமிட்', ஆரக்கிளில் 'ரோநம்' என்று வேரூன்றிவிட்டன. ஆரக்கிளில் 'லிமிட்' எழுதினால் ஓஆர்ஏ-00933 என்று எரர் வரும். அது நல்ல எரர், ஏனென்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. ஒரே க்வெரியில் 'ரோநம்' நிபந்தனையையும் 'ஆர்டர் பை'யையும் சேர்த்து எழுதியிருந்தால் எந்த எரரும் வராது. ஆனால் ஆரக்கிள் முதலில் கைக்குக் கிடைத்த பத்து வரிகளை எடுத்து, பிறகு அந்தப் பத்தை மட்டும் வரிசைப்படுத்தும். அதை அப்படியே 'லிமிட்' ஆக்கினால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டுப் பத்தை எடுக்கும். பழைய ரிப்போர்ட்டும் புதிய ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாது.

சத்தமில்லாமல் விடை மாறும் இடங்களில்தான் எனக்குக் கவலை அதிகம். ஓர் இடத்தில் ஊழியர் பட்டியலை மாற்றிய பிறகு, சம்பளச் சீட்டில் சிலருக்குப் பெயரே அச்சாகவில்லை. யார் யார் என்று பார்த்தால், எல்லோரும் இனிஷியல் இல்லாதவர்கள். பெயர், இடைவெளி, இனிஷியல் மூன்றையும் இரட்டைச் செங்கோட்டால் ஒட்டும் க்வெரி அது. ஆரக்கிளுக்கு வெற்று எழுத்துத் தொடரும் 'நல்' எனப்படும் மதிப்பின்மையும் ஒன்றே. ஒட்டும்போது அதை விட்டுவிட்டு மற்றதைத் தரும். போஸ்ட்கிரெஸ் ஸ்டாண்டர்டின்படி நடக்கிறது: மூன்றில் ஒன்று 'நல்' என்றாலும் முழுவதும் 'நல்'. 'கான்கேட்' என்ற ஃபங்ஷனை வைத்துச் சரிசெய்தோம். போஸ்ட்கிரெஸில் அது 'நல்'லை விட்டுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் அதே பெயருள்ள ஃபங்ஷன் முழுவதையும் 'நல்' ஆக்கும். வெற்றையும் 'நல்'லையும் ஒன்றாக நடத்துவது வருங்காலப் பதிப்பில் மாறலாம் என்று ஆரக்கிளின் கையேடே எச்சரிக்கிறது. ஆனால் அதை நம்பி உலகெங்கும் எழுதப்பட்ட புரோகிராம்கள் இருக்கும்போது எப்படி மாற்றுவார்கள்?

இந்த வேற்றுமைகளைக் கட்டுக்குள் வைக்க ஒரு காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் டேட்டாபேஸ்களைச் சோதித்து, ஸ்டாண்டர்டுக்கு ஒத்துப்போகின்றனவா என்று சான்று கொடுத்துவந்தது. 1996-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே சான்று சொல்லிக்கொள்கின்றன. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். ஸ்டாண்டர்ட் 1999, 2003, 2008, 2016, 2023 என்று வளர்ந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து சோதித்துப் பார்க்க யாரும் இல்லை.

ஆகவே அந்தச் சோதனையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. க்வெரியின் இலக்கணத்தை மாற்றிக் கொடுக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. அவை வாய்விட்டுச் சொல்லும் எரர்களைத் தீர்க்கும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. 'நல்' உள்ள வரிகளையும், தேதிகளையும், பத்து வரி எடுக்கும் க்வெரிகளையும் தனியே பிரித்து, பழைய டேட்டாபேஸிலும் புதியதிலும் ஓட்டி, விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால், எந்த வருஷத்து வசதி என்று தேடுங்கள். காரணத்தை க்வெரிக்கு மேலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள். அடுத்த மாற்றத்துக்கு வருகிறவருக்கு அந்த ஒரு வரி பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.