யு-பேஸும் சென்னையின் அடிநாதமும்

உகுலேலே அளவே உள்ள உடலில் பேஸ் கிட்டாரின் சுருதியை எழுப்பும் நான்கு தந்தி வாத்தியம் யு-பேஸ். தலையிலிருந்து அடிவரை சுமார் 75 செ.மீ. நீளம். தந்தி அதிரும் பகுதி ஏறக்குறைய 53 செ.மீ. மட்டுமே. ஆனால் அதன் தந்திகள் ஒலிப்பது ஆளுயர டபுள் பேஸின் அதே நான்கு சுரங்களை: 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். டபுள் பேஸில் தந்தியின் நீளம் ஒரு மீட்டருக்கும் அதிகம். ஒரு மீட்டரில் பிறந்த நாதம் அதில் பாதி நீளத்துக்குள் அடங்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடிநாதத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நடந்தது.

தந்தியின் சுருதியைத் தாழ்த்த மூன்றே வழிகள் உண்டு: நீளத்தைக் கூட்டுவது, இழுவிசையைத் தளர்த்துவது, எடையைக் கூட்டுவது. மூன்றாவது வழி தமிழ்நாட்டு வித்வான்களுக்குப் பழகிய ஒன்று. மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து, தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் நடுவில் அப்புவது தோலுக்கு எடை ஏற்றத்தான். எடை ஏறியதும் நாதம் கீழே இறங்கிக் கார்வை பெறுகிறது. வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளில் சாரணி மெல்லியது, அனுமந்தரம் தடித்தது. எல்லாம் ஒரே நீளம்தான். சுருதி வேறுபடுவதற்குத் தந்தியின் கனமே பெரும் காரணம். நீளத்தைப் பாதியாக்கி, இழுவிசையை மாற்றாமல், பழைய சுருதியையே பெற வேண்டுமானால் தந்தி நான்கு மடங்கு கனக்க வேண்டும் என்பது கணக்கு.

ஐரோப்பாவில் ஆட்டுக்குடல் நரம்பே நெடுங்காலம் தந்தியாக இருந்தது. அடிச்சுரம் வேண்டுமென்றால் நரம்பு தடிக்க வேண்டும், வாத்தியமும் நீள வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நரம்பின்மேல் உலோகக் கம்பியைச் சுற்றும் முறை வந்தது. நரம்பின் வளைவு குன்றாமலே எடை கூடியது. செல்லோ போன்ற வாத்தியங்களின் உடல் சற்றுச் சிறுக்கவும் இடம் கிடைத்தது. டபுள் பேஸ் மட்டும் பெரிதாகவே நின்றது. தந்தி அதிர்ந்தால் போதாது, 41 ஹெர்ட்ஸ் அதிர்வைக் காற்றுக்குக் கடத்த அகன்ற மரப்பரப்பும் வேண்டும் என்பதே அதற்குக் காரணம். மின்சாரம் வரும்வரை இந்தத் தடையைத் தாண்ட முடியவில்லை.

சென்னைக்கு மேற்கத்திய வாத்தியங்கள் தேவாலயம், ராணுவ பேண்டு, ஐரோப்பியர் சங்கங்கள் ஆகியவற்றின் வழியாக வந்தன. 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் நிறுவனம் பியானோவும் ஆர்கனும் விற்றது. பின்னாளில் மியூசி மியூசிகல் என்று பெயர் மாறி, அண்ணா சாலையில் தலைமுறை தலைமுறையாக இசை மாணவர்கள் படியேறும் இடமாயிற்று. கோடம்பாக்கம் திரைப்பட நகரமானபோது, நொட்டேஷன் படிக்கத் தெரிந்த ஆங்கிலோ-இந்தியர்களும் கோவாக்காரர்களும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் திரை ஆர்க்கெஸ்ட்ராக்களில் இடம் பெற்றார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்களில் வயலின் கூட்டத்துக்குக் கீழே டபுள் பேஸின் அடி ஒலிப்பதைக் கேட்கலாம். ஆனால் காதைக் கூர்மையாக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க, ஒரே தடத்தில் பதிவாகும் மோனோ முறை அது. படச்சுருளின் ஒளித்தடமும் கொட்டகையின் கூம்பு ஒலிபெருக்கியும் அடிச்சுரங்களைச் சரியாகத் தாங்கவில்லை. டபுள் பேஸ் கலைஞரின் உழைப்பில் பெரும்பகுதி ரசிகரின் காதுக்கு எட்டாமலே போனது.

இதற்கிடையே அமெரிக்காவில் தடை உடைந்துகொண்டிருந்தது. சியாட்டிலில் பால் டுட்மார்க் 1930களின் நடுவில் கிட்டார் போலப் படுக்கையாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் உலகை மாற்றியது. தந்தி நீளம் 86 செ.மீ.; நாதத்தைக் காற்றுக்குக் கடத்தும் வேலை உடலை விட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. டபுள் பேஸில் விரல் தேடிப் பிடிக்க வேண்டிய சுரஸ்தானம் இதில் மெட்டுகளால் (ஃப்ரெட்) நிச்சயமானது. பெயரில் உள்ள துல்லியம் அதைத்தான் குறிக்கிறது. 1956இல் ஜெர்மனியின் ஹோஃப்னர், வயலின் வடிவத்தில் 76 செ.மீ. தந்தி நீளமுள்ள பேஸ் ஒன்றைச் செய்தது. பால் மெக்கார்ட்னியின் கையில் அது புகழ்பெற்றது. ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே வாசிக்கும் பெரிய உடல் அக்கூஸ்டிக் பேஸை 1972இல் எர்னி பால் கொண்டுவந்தார். மெக்சிகோ வீதிக் குழுக்களின் தொப்பை பெருத்த கிட்டாரோனே அதற்குத் தூண்டுதல்.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வாத்தியமாக நுழைந்தது. பாட்டின் மூல சுரத்தையும் பஞ்சமத்தையும் மாறி மாறித் தொட்டால் கடமை முடிந்தது என்ற நிலை. அந்த நிலையை மாற்றியவர் இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறி, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமானவர் அவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை அவரே தாளில் எழுதிக் கொடுப்பார், பேஸுக்கும் அப்படியே. அவர் எழுதிய பேஸ், பாட்டின் மெட்டுக்குக் கீழே ஓடும் இரண்டாவது மெட்டு. குரல் ஏறும்போது அது இறங்கும். குரல் நிற்குமிடத்தில் அது நடக்கும். ஐரோப்பிய இசைமேதை பாக் போன்றவர்களின் எதிர்மெட்டு இலக்கணம் தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் புழங்கியது இப்படித்தான். பல ஆண்டுகள் அந்தப் பகுதிகளை வாசித்த சசிதரனின் விரல்கள் தமிழர்களின் செவிப் பழக்கத்தையே மாற்றின என்று சொல்வது மிகையல்ல. அந்தக் காலத்தின் சிறந்த பேஸ் வரிகளைப் பாட்டில்லாமல் தனியாக வாசித்தாலும், கேட்பவர் பாட்டைச் சொல்லிவிடுவார்.

காலமும் கூடிவந்தது. பல தட ஒலிப்பதிவும் ஸ்டீரியோவும் வந்தபோது பேஸுக்குத் தனித் தடம் கிடைத்தது. டீக்கடையின் டூ-இன்-ஒன் ரேடியோ-கேசட் பெட்டியிலும் அது கேட்டது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் அந்தச் சுரத்தோடு பிறக்கும் 82, 123, 164 ஹெர்ட்ஸ் மேலொலிகளை எழுப்ப முடியும். அவற்றைக் கேட்ட மனிதச் செவி, கேட்காத அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. உலோகத் தந்தி பூட்டிய மின் பேஸில் மேலொலிகள் அதிகம். அதனால் டபுள் பேஸ் மறைந்துபோன இடத்திலும் அது நின்றது.

1992இல் ‘ரோஜா’வுடன் வந்த ஏ.ஆர். ரஹ்மானின் முறை வேறு. கணினியிலும் சிந்தசைசரிலும் எழுந்த அடிச்சுரங்களோடு, சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸ் போன்றோரின் நேரடி பேஸ் வாசிப்பும் அவருடைய பாடல்களில் கலந்தது. ஸ்டுடியோவில் கீபோர்டு நுழைந்ததன் விளைவு மேடையில்தான் கடுமையாக இருந்தது. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் திரளும், சென்னையை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் ஊர்தோறும் திருவிழாக்கள். சாமியை அழைக்கப் பம்பையும் உடுக்கையும், இரவில் கேட்க லைட் மியூசிக். அத்தகைய மெல்லிசைக் குழுக்களில் ஆள் செலவைக் குறைக்க நேரும்போது, பேஸ் கிட்டார்காரரின் வேலை எளிதில் கீபோர்டுக்காரரின் இடது கைக்குப் போய்விடும். ஒருவர் மொத்த உழைப்பையும் கொடுத்து வாசிக்க வேண்டிய பகுதி, இன்னொருவரின் பாதிக் கவனத்தில் ஓடத் தொடங்கியது. இது இழப்புதான், எதிர்மெட்டின் நடை அதில் தப்பவில்லை.

யு-பேஸுக்கு உடல் தந்த உகுலேலேயின் கதை இன்னொரு கடற்கரையில் தொடங்குகிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்த்துகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஹவாய்க்குக் கொண்டுபோனது. அந்தக் கப்பலில் சென்ற மனுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டூ எஸ்பிரிட்டு சாண்டோ ஆகிய மூன்று தச்சர்கள், தம் ஊர் மச்செட்டெ என்ற சிறு கிட்டாரை அடியொற்றி ஹொனலுலுவில் செய்து விற்றதே உகுலேலே. மன்னர் கலாகாவா அதை அரசவையில் ஏற்றார். 1915இல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய வரலாறு தமிழர்களுக்கும் உண்டு என்பதால், இந்த வாத்தியத்தின் பிறப்பைத் தமிழ் வாசகரால் தூரத்துச் செய்தியாகக் கருத முடியாது.

இந்தச் சிறிய உடலில் பேஸ் ஒலிக்க வழிவகுத்தது ரப்பர். ஆலன் ஆஷ்வொர்த்-ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் வடிவமைத்து, 1986 அளவில் கில்டு நிறுவனம் வெளியிட்ட ஆஷ்பரி பேஸில் தந்தி நீளம் 46 செ.மீ.தான், தந்திகள் சிலிக்கான் ரப்பர். அமெரிக்காவில் ரோடு டோட் மியூசிக்கின் ஓவன் ஹோல்ட் இந்த வழியில் மேலும் நடந்து, ரப்பர் போல வளையும் பாலியூரித்தேன் தந்திகளைப் பாரிடோன் உகுலேலே அளவு உடலில் பூட்டினார். கலிஃபோர்னியாவின் காலா நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்து, 2010ஐ ஒட்டி யு-பேஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ரப்பர் ஏன் தேவைப்பட்டது? 53 செ.மீ. நீளத்தில் வழக்கமான எஃகுத் தந்தியைப் பூட்டினால் அது தொளதொளத்துப் போகும். எடைக்காக எஃகைத் தடிமனாக்கினால் விறைத்துப்போய், மேலொலிகள் சுருதி விலகும். பாலியூரித்தேன் எவ்வளவு தடித்தாலும் வளையும். குறைந்த இழுவிசையிலும் ஒழுங்காக அதிரும். கூடவே அது மேலொலிகளை விரைவில் விழுங்கிவிடுகிறது. பழைய குடல் நரம்பின் குணமும் அதுதான். அதனால் இருப்பதிலேயே சிறிய பேஸ், விரலால் மீட்டிய டபுள் பேஸுக்கு மிக நெருக்கமான ஒலியைத் தருகிறது. நீள உடலுள்ள மின் பேஸ் தராத உருண்ட, சட்டென அடங்கும் ஒலி. இந்த வாத்தியத்தின் பெரிய வியப்பு இதுவே.

உடல் சிறியது என்பதால் வெறும் காற்றில் ஒலி அறைக்குள்ளேயே அடங்கும். தந்திகள் அமரும் பாலத்துக்கு அடியில் உள்ள பீசோ உணரி அதிர்வை மின்குறியாக்க, உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் அதைப் பலப்படுத்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. வாசிப்பில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, நகம் படாமல், விரலின் சதையால் தந்தியை உருட்டி விட வேண்டும். பலமாக இழுத்தால் தந்தி அலைந்து சுருதி வழுவும். மெட்டுகள் நெருங்கியிருப்பதால் இடது கைக்கு எட்டும் தூரம் அதிகம்; ஆனால் விரல் சற்றே தந்தியை வளைத்தாலும் சுரம் திரிந்துவிடும். மெட்டை ஒட்டி நேராக அழுத்தும் ஒழுக்கம் இதில் கட்டாயம். புதிய தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அதுவரை அடிக்கடி சுருதி கூட்ட வேண்டும். விரலில் ஒட்டும் தந்திக்குக் கொஞ்சம் டால்கம் பவுடர் பூசுவது வழக்கம். கட்டை விரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்கு ரப்பர் தந்தி ஒத்துவராது. உலோகம் சுற்றிய தந்திகளும் பின்னர் வந்தன. மெட்டில்லாத வகையில் கமகமும் ஜாருவும் இழைய வரும்.

யு-பேஸ் இந்த வட்டாரத்துக்கும் பொருந்துகிறது. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரையிலான உப்புக்காற்று எஃகுத் தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், பாலியூரித்தேன் துருப்பிடிப்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து சென்னைக்குப் பயிற்சிக்கோ கச்சேரிக்கோ வருபவருக்கு மின்ரயில்தான் வாகனம்; தூரம் 45 கி.மீ.க்கு மேல். 115 செ.மீ. பேஸ் கிட்டாரை ஷிஃப்ட் முடியும் நேரத்துக் கூட்டத்தில் நிறுத்த இடம் தேட வேண்டும். யு-பேஸ் முதுகுப்பையில் அடங்கும், மடியிலும் வைத்துக்கொள்ளலாம். தேவாலயப் பாடகர் குழுவிலும் சிறு அறைக் கச்சேரியிலும் அதற்குச் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றே போதும். திறந்தவெளித் திருவிழா மேடையில் ஒலியமைப்பாளரின் மிக்ஸரில் நேராகச் செருகி, அடி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.