ஜான் ஃபோர்டின் படங்கள்: சின்ன வயசு மார்க்கும் பெரியவர் மார்க்கும்

குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகின்றன. நடுவில் ஒரு கோச்சு வண்டி. பின்னால் துரத்தி வரும் அபாச்சி வீரர்கள். வண்டியின் கூரையில் இருந்து ஜான் வெய்ன் சுடச் சுட, ஒவ்வொருவராகக் கீழே விழுகிறார்கள். பத்து வயதுப் பையன் ஒருவனை இந்தக் காட்சிக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன செய்வான்? விழுந்தவர்களை எண்ணுவான். கடைசியில் ராணுவத்தின் ஊதுகொம்புச் சத்தம் கேட்டதும் கை தட்டுவான். படத்துக்கு மார்க் கேட்டால் பத்துக்குப் பத்து!

அதே ஆள் முப்பது வயதில் அதே காட்சியைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைகள் இப்போதும் அதே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் எண்ணிக்கை பாதியில் நின்று ஒரு கேள்வி வருகிறது. விழுந்தவர்கள் யார்? அவர்கள் ஏன் துரத்தினார்கள்?

ஜான் ஃபோர்டின் படங்களுக்கு மறுபடியும் மார்க் போட வேண்டியிருப்பது இந்தக் கேள்வியால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே கேள்வியை ஃபோர்டும் வயதாக வயதாகத் தன் படங்களிலேயே கேட்க ஆரம்பித்தார்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1894ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1917ல் இயக்க ஆரம்பித்து நூறுக்கும் அதிகமான படங்கள் எடுத்தார். மவுனப் படக் காலத்தில் எடுத்தவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. சிறந்த இயக்குனருக்கான ஆஸ்காரை நான்கு முறை வாங்கினார். இன்றுவரை வேறு யாரும் அதைத் தொடவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நான்கில் ஒன்றுகூட கௌபாய் படம் கிடையாது. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது கௌபாய் படங்களுக்காகத்தான்.

சரி, மார்க் ஷீட்டுக்கு வருவோம்.

ஸ்டேஜ்கோச் (1939)
சின்ன வயசில் 10. இப்போது 8.

மேலே சொன்ன துரத்தல் இந்தப் படத்தில்தான். அபாச்சிகள் வண்டியை இழுக்கும் குதிரைகளைச் சுட்டிருந்தால் வேலை முடிந்திருக்குமே, ஏன் சுடவில்லை? அப்படிச் சுட்டிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும் என்று ஃபோர்டு கேலியாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு :-)

சின்ன வயசில் கண்ணில் படாத பல விஷயங்கள் இப்போது படுகின்றன. வண்டிக்குள் இருப்பவர்களில் ஊரே விரட்டிய ஒரு பெண் இருக்கிறாள், ஒரு குடிகார டாக்டர் இருக்கிறார், சிறையிலிருந்து தப்பிய ஒருவன் இருக்கிறான். வியாபாரம், நாடு, நேர்மை என்று எல்லோருக்கும் வகுப்பெடுக்கிற பேங்க்காரர்தான் உண்மையான திருடன். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பேங்குகளை நம்பிப் பணத்தை இழந்த மக்களுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

ஆனால் இந்த இரக்கம் வண்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே துரத்தி வரும் அபாச்சிகளில் ஒருவருக்குக்கூட வசனம் இல்லை. அவர்கள் இடி மின்னல் மாதிரி. வருவார்கள், விழுவார்கள். உள்ளே ஒருவர், அபாச்சிகள் கையில் உயிரோடு சிக்கக்கூடாது என்று, பக்கத்தில் இருக்கும் பெண்ணைச் சுடுவதற்காகக் கடைசித் தோட்டாவை மிச்சம் வைக்கிறார். படம் இதைக் கண்ணியமான செயலாகவே காட்டுகிறது. பத்து வயதில் இது புரியாது. புரியும்போது இரண்டு மார்க் குறைகிறது.

தி கிரேப்ஸ் ஆஃப் ராத் (1940)
சின்ன வயசில் 3. இப்போது 10.

துப்பாக்கிச் சண்டை கிடையாது, குதிரை கிடையாது. பையன்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். ஜான் ஸ்டெய்ன்பெக்கின் நாவலைப் படமாக்கி அடுத்த வருடமே ஃபோர்டு கொடுத்தது இது. ஓக்லஹோமாவில் நிலத்தை இழந்த விவசாயிக் குடும்பம் ஒன்று ஒரு ஓட்டை லாரியில் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. வீட்டை இடிக்க டிராக்டர் வரும்போது யாரைச் சுடுவது என்றே தெரியாமல் விவசாயி திகைத்து நிற்கிறான். டிராக்டர்காரன் சம்பளத்துக்கு வந்தவன். அவனுக்கு மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே பேங்க். அதற்கு மேலே? கடன் வாங்கியவர்களுக்கும் வேலை தேடி ஊர் விட்டவர்களுக்கும் இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

நிலத்தை இழப்பது என்றால் என்ன என்று ஃபோர்டுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு வருடம் முன்னால், நிலத்தை இழந்துகொண்டிருந்த அபாச்சிகளுக்கு மட்டும் ஏன் முகம் கொடுக்கவில்லை? இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள்

ஃபோர்டு என்றதும் நினைவுக்கு வரும் சிவந்த பாறைக் கோபுரங்கள் இருக்கும் இடம் மான்யுமென்ட் வேலி. அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் இடத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. ஸ்டேஜ்கோச் தொடங்கிப் பல படங்களை ஃபோர்டு இங்கே எடுத்தார். படத்தில் அபாச்சியாகவும் கொமாஞ்சியாகவும் குதிரை ஏறி வந்தவர்களில் பலர் நவஹோக்கள்தான்.

இவர்களின் நிஜக் கதை எந்தப் படத்திலும் வரவில்லை. 1864ல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களை அவர்கள் நிலத்திலிருந்து கிளப்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்க வைத்து, நியூ மெக்சிகோவின் கிழக்கே ஒரு முகாமில் அடைத்தது. வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் இறந்தார்கள். 1868ல் ஒப்பந்தம் போட்டுத்தான் ஊர் திரும்ப முடிந்தது. 1930களில் புல்வெளி தேய்கிறது என்று சொல்லி அரசு அவர்களுடைய ஆடுகளைப் பெருமளவில் அழித்தது. அந்தக் கஷ்டகாலத்தில் சினிமாக் கம்பெனி கொடுத்த கூலி உதவியாக இருந்தது என்பதும் உண்மை. தோற்பதற்காக நடித்துக் கூலி வாங்கினார்கள்!

ஃபோர்ட் அபாச்சி (1948)
சின்ன வயசில் 6. இப்போது 9.

சண்டை வர ரொம்ப நேரம் ஆகிறதே என்று சின்ன வயசில் அலுப்புத் தட்டும். இப்போது சண்டைக்கு முன்னால் வருவதுதான் முக்கியமாகப் படுகிறது. அபாச்சிகள் ஏன் சண்டைக்கு வந்தார்கள் என்று ஃபோர்டு இதில் சொல்லிவிடுகிறார். அரசு நியமித்த ஏஜென்ட் அவர்களுக்கு மட்டமான சாராயம் விற்று ஏமாற்றுகிறான். ஹென்றி ஃபோண்டா நடித்த கர்னல், கோச்சிஸ் என்ற அபாச்சித் தலைவருக்குத் தன் அதிகாரி கொடுத்த வாக்கை மீறித் தாக்கப் போய், தன் படையோடு அழிகிறார். 1876ல் லிட்டில் பிக்ஹார்னில் அழிந்த கஸ்டரின் கதைதான் இதற்கு மாதிரி.

கடைசிக் காட்சியில், உண்மை தெரிந்த ஜான் வெய்ன் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தக் கர்னலை வீரர் என்றே புகழ்ந்துவிட்டு அடுத்த சண்டைக்குக் கிளம்புகிறார். பொய் எப்படி வரலாறு ஆகிறது என்பது இரண்டு நிமிடத்தில்!

இன்னொரு தகவல். படம் வெளியான 1948ல்தான் அரிசோனாவின் பழங்குடி மக்களுக்கு, ஒரு நீதிமன்றத் தீர்ப்பால், ஓட்டுரிமை கிடைத்தது.

தி சர்ச்சர்ஸ் (1956)
சின்ன வயசில் 8. இப்போது 9.

கொமாஞ்சிகள் தூக்கிப்போன சிறுமியைத் தேடி அவள் பெரியப்பா ஈதன் வருடக்கணக்கில் அலைகிறார். சின்ன வயசில் இது ஒரு மீட்புக் கதை. பெரியவனாகிப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. கொமாஞ்சிகளோடு வளர்ந்துவிட்ட பெண் உயிரோடு இருக்கக்கூடாது என்று ஈதன் அவளைக் கொல்லத்தான் தேடுகிறார்! இறந்துபோன கொமாஞ்சி ஒருவனின் கண்களைச் சுடுகிறார், அவன் ஆவிக்குக்கூட நிம்மதி கிடைக்கக்கூடாதாம். ஸ்டேஜ்கோச்சில் கண்ணியமாகத் தெரிந்த அந்தக் கடைசித் தோட்டா, 17 வருடம் கழித்து இங்கே வியாதியாகத் தெரிகிறது.

படம் தொடங்கும் வருடம் 1868. நிஜத்தில் நவஹோக்கள் ஊர் திரும்பிய அதே வருடம். ஈதன் கடைசியில் அந்தப் பெண்ணைக் கொல்லாமல் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார். ஆனால் அந்த வீட்டுக் கதவு அவரை வெளியே விட்டு மூடிக்கொள்கிறது.

அப்புறம் ஏன் ஒரு மார்க் கம்மி? லுக் என்ற கொமாஞ்சிப் பெண்ணை உதைத்து உருட்டிவிடுவதை நகைச்சுவையாக வைத்திருக்கிறார் ஃபோர்டு. பின்னால் ராணுவம் தாக்கிய கிராமத்தில் அவள் பிணமாகக் கிடக்கும்போது படம் வருத்தப்படுகிறது. சிரித்தவர்களும் வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தாரா? இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது. கொமாஞ்சித் தலைவனாக நடித்தவரோ ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன்.

தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ் (1962)
சின்ன வயசில் 5. இப்போது 10.

கறுப்பு வெள்ளை, செட்டுக்குள் எடுத்தது, கிழவர்கள் இளைஞர்களாக நடிக்கிறார்கள் என்று சின்ன வயசில் குறை சொல்லத் தோன்றும். ரவுடியைச் சுட்டவர் என்ற பெயரால் ஒரு வக்கீல் செனட்டர் வரை உயர்கிறார். உண்மையில் இருட்டிலிருந்து சுட்டவன் வேறொருவன். அவன் பேர் தெரியாமல் செத்து, காலில் பூட்ஸ்கூட இல்லாமல் சவப்பெட்டியில் கிடக்கிறான். செனட்டர் உண்மையைச் சொன்னபோது பத்திரிகை ஆசிரியர் அதை அச்சடிக்க மறுக்கிறார், கட்டுக்கதையே போதும் என்று. ஃபோர்ட் அபாச்சியில் பொய்யைக் காப்பாற்றிய அதே இயக்குனர் இங்கே உண்மையை நமக்கு முழுசாகக் காட்டிவிடுகிறார்.

இதில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி. பாம்பி என்ற கறுப்பர் சுதந்திரப் பிரகடனத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, எல்லா மனிதரும் சமம் என்ற இடத்தில் மறந்துபோய் நிற்கிறார். பரவாயில்லை, நிறையப் பேர் அந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள் என்கிறார் வாத்தியார். அமெரிக்காவில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடத்தில் வந்த காட்சி இது.

ஷையென் ஆட்டம் (1964)
சின்ன வயசில் 4. இப்போது 6.

(ஆட்டம் என்றால் இலையுதிர்காலம், நம்ம ஊர் ஆட்டம் இல்லை!) ஃபோர்டின் கடைசி கௌபாய் படம். 1878ல், பட்டினியால் செத்துக்கொண்டிருந்த ஷையென் மக்கள் அரசு ஒதுக்கிய இடத்தை விட்டுத் தங்கள் பழைய நிலத்துக்கு நடந்தே கிளம்பிய உண்மைக் கதை. கிழவரான ஃபோர்டு பழைய கணக்கைத் தீர்க்க எடுத்தது என்று சொல்லலாம். ஆனால் முக்கியமான ஷையென் வேடங்களில் ரிக்கார்டோ மொண்டல்பான், சால் மினியோ போன்ற ஹாலிவுட் நடிகர்கள். கதையைச் சொல்பவரும் ஒரு வெள்ளை ராணுவ அதிகாரி. பின்னால் நடந்து வரும் கூட்டத்தில் நவஹோக்கள். அவர்களின் முன்னோர் 1864ல் நிஜமாகவே அப்படி நடந்தவர்கள். எண்ணத்துக்கு முழு மார்க் கொடுக்கலாம், படத்துக்கு முடியவில்லை.

ஆக, கூட்டிப் பார்த்தால்?

ஸ்டேஜ்கோச் இறங்கியிருக்கிறது, மற்றவை ஏறியிருக்கின்றன. ஆனால் ஏறிய படங்களிலும் ஒரு குறை மாறவே இல்லை. 1939ல் முகமில்லாதவர்கள் 1964ல் முகம் பெற்றார்கள், சொந்தக் குரல் பெறவில்லை. ஃபோர்டு 1973ல் இறந்தார். மிச்சத்தை அந்த மக்கள் தாங்களே எடுக்க வேண்டியிருந்தது. பழங்குடியினரே எழுதி, இயக்கி, நடித்த 'ஸ்மோக் சிக்னல்ஸ்' 1998ல் வெளியானது.

நல்லவேளை, ஃபோர்டு தன் பழைய படத்தோடு திருப்திப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. சின்ன வயசில் உயிராக நினைத்த படம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். ஒருநாள் அதை மறுபடி போட்டுப் பாருங்கள். இந்த முறை விழுந்தவர்களை எண்ணும்போது, அவர்களின் முகத்தைப் படம் காட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.