சருகைத் தின்னும் உயிர்கள்



முத்தாண்டிக்குப்பம் பக்கம் போனீங்கன்னா முந்திரித் தோப்பும் பலாவும்தான் கண்ணில் படும். மரத்தடியில் சருகு மெத்தை மாதிரிக் கிடக்கும். கொட்டை பொறுக்குகிற காலம் வந்தால் அதைக் கூட்டிக் குவித்து நெருப்பு வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சருகுக்குள்ளே விழுந்த கொட்டை தெரியாது, பூச்சி பொட்டு பயமும் இருக்கு என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நெருப்பில் நமக்கு என்ன நஷ்டம் என்று புரிய, கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும்.

முதல் கதை பக்கத்து நெய்வேலியிலேயே இருக்கு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் அவர்களின் நிலத்தில் கிணறு தோண்டினபோது தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957-ல் சுரங்க வேலை தொடங்கி, 1961-ல் முதல் நிலக்கரி கைக்கு எட்டியது. அது வேறொன்றுமில்லை, கோடி ஆண்டுகளுக்கும் முன்னே நின்ற காட்டின் மரமும் இலையும்தான். அது ஏன் மக்கி மண்ணாகப் போகவில்லை? சதுப்பு நீரில் மூழ்கிவிட்டது. அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் மண்புழுவும் மரவட்டையும் வாழாது, பூஞ்சணமும் வேலை செய்யாது. தின்ன ஆளில்லாமல் மிஞ்சின இலைமேல் மண் மூடி அழுத்த, கரியாகிவிட்டது.

ஆக, இலை தானாக மக்குவதில்லைங்க. உயிர்கள் தின்றால்தான் மக்கும்.

இதை முதலில் பொறுமையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து விஞ்ஞானி டார்வின். 1842-ல் தம் வீட்டருகே ஒரு நிலத்தில் சுண்ணாம்புக்கல் நொறுக்கைப் பரப்பச் செய்தார். 29 வருஷம் பொறுத்து, 1871-ல் பள்ளம் வெட்டிப் பார்த்தார். பரப்பின கல் 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு போட்டாற்போல் கிடந்தது. கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து கழித்துக் கழித்து, மண்புழுக்கள்தான் அதை மூடியிருந்தன. இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு வருஷம் 10 டன்னுக்கு மேல் மண், புழுவின் வயிறு வழியாகப் போய்வருகிறது என்று 1881-ல் அவர் எழுதினார். புழு இலையைக் கவ்வித் தன் வளைக்குள் இழுப்பதையும் எழுதினார்.

பிறகு அதே நாட்டு ராதாம்ஸ்டட் பண்ணையில் ஒரு சோதனை நடந்தது. இலைத் துண்டுகளை நைலான் வலைப் பைகளில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். பெரிய கண் வைத்த பையில் மண்புழு நுழையலாம். மிக நுண்ணிய கண் வைத்த பையில் நுண்ணுயிர்தான் நுழையும். 1963-ல் முடிவு வெளிவந்தது. பெரிய கண் பையில் இலை சீக்கிரம் காணாமல் போனது. நுண்ணிய கண் பையில் பல மாதம் கழித்தும் ஏறக்குறைய முழுசாகவே இருந்தது.

ஆக, இது கூட்டு வேலை. மழையில் நனைந்த சருகில் முதலில் பூஞ்சணம் இழை விட்டு அதை மெதுவாக்கும். மரவட்டை, கரையான், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு பூச்சிகள் கடித்துப் பொடியாக்கும். மண்புழு அதை மண்ணோடு கலந்து எச்சமாகப் போடும். அந்த ஈரப் பொடியில் நுண்ணுயிர்கள் பெருகி, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேர் எடுக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவரும். கரையான் என்றதும் பயப்படாதீங்க. பெரும்பாலான கரையான் இனங்கள் காய்ந்ததைத்தான் தின்னும்.

இந்த உயிர்கள் இல்லாத மண் எப்படி இருக்கும்? நெய்வேலியில் சுரங்கத்துக்காக ஆழத்திலிருந்து வெட்டிக் கொட்டின மண்ணே சாட்சி. மக்கு இல்லை, நுண்ணுயிரும் அற்பம். அதில் மரமும் பயிரும் வளர்க்க எருவும், பசுந்தாளும், நுண்ணுயிர் உரமும் சேர்க்கவேண்டி வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் கைகொடுத்தது. அங்கே பாடுபட்டு உண்டாக்குகிற உயிரை, நாம் தோப்பில் தீக்குச்சி கிழித்து அழிக்கலாமா? எரித்தால் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும். தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மண்ணுக்கு வரவேண்டிய மக்கும் போச்சு.

அப்போ கொட்டை பொறுக்குவது எப்படி? சீசனுக்கு முன்னே சருகைக் கூட்டி, மரவரிசைக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக ஆழமில்லாத பள்ளம் எடுத்து அதில் தள்ளுங்க. மரத்தடி சுத்தமாகிவிடும். முந்திரி இலை தடிப்பு, துவர்ப்பு அதிகம், லேசில் மக்காது. அதனால் சாணத்தைக் கரைத்துத் தெளித்து, மேலே ஒரு கூடை மேல்மண் தூவுங்க. சாணத்தில் தழைச்சத்தும் கிடைக்கும், நுண்ணுயிரும் கிடைக்கும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆல்பர்ட் ஹோவர்டு, சருகையும் சாணத்தையும் அடுக்கிக் கம்போஸ்ட் செய்த முறையும் இதே அடிப்படைதான். ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் பள்ளத்தில் நீரும் தங்கும், வேலையும் வேகம் பிடிக்கும். ஆனால் தண்ணீர் தேங்கி நிற்க விடாதீங்க. காற்றில்லாவிட்டால் என்ன ஆகும் என்று நிலக்கரி கதையில் பார்த்தோமே!

அடுத்த மழைக்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் ஒரு கை மண் அள்ளிப் பாருங்க. கறுத்து, பொலபொலவென்று, புழுவோடு இருந்தால் உங்கள் தோப்பில் கூலி கேட்காத ஆட்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.