மிஞ்சிய பொருளும் மறைந்த பெயரும்



சில மாதங்களுக்கு முன்னர் எமது கல்லூரி மாணவன் ஒருவன் ஓர் இரும்பு ஆணியைக் கொண்டுவந்து எனது மேசையில் வைத்தான். ஏறத்தாழ ஆறங்குல நீளம், துருவேறிய உடல், ஒரு பக்கம் சாய்ந்த தலை. வீட்டு மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது அகப்பட்டதாம். "சேர், இது பழைய சாமானோ? விலை போகுமோ?" என்று கேட்டான்.

தண்டவாளத்தைச் சிலிப்பர்க் கட்டையோடு பிணைக்கும் ஆணி அது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. அப்போது நான் சிறுவன். பின்வந்த போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, அது புதிதாகப் போட்ட பாதையில் வந்தது. பழைய பாதையின் எச்சம் இப்படி மண்ணுக்குள்ளிருந்து எப்போதாவது தலைகாட்டுகின்றது.

மாணவனின் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அந்த ஆணி எனக்கு இன்னோர் ஆணியை நினைவூட்டியது. அதன் கதையையும், அமெரிக்க நாட்டிலே பழைய புகையிரதப் பொருட்களையும் நாட்டார் கலைப்பொருட்களையும் தேடிச் சேர்த்தவர்களின் கதையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1869ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாப் பிரதேசத்தில் புரொமொன்ரரி என்னும் மேட்டுநிலம். கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் அங்கே சந்தித்தன. ஒரு கண்டத்தை ஊடறுத்த முதற் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. விழாவுக்கென்று பொன்னால் ஓர் ஆணி செய்திருந்தார்கள். அதன் பக்கங்களில் கம்பனியின் அதிகாரிகள், பணிப்பாளர்கள் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. விழா முடிந்ததும் அந்த ஆணியை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். இன்று அது கலிபோர்ணியாவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து நூதனசாலையில் இருக்கின்றது.

பொன்னாணி போன பின்பு அவ்விடத்தில் சாதாரணக் கட்டை ஒன்றைப் போட்டார்கள். ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமென்று வந்தவர்கள் கத்தியால் சீவிச் சீவியே அந்தக் கட்டையைத் தீர்த்துவிட்டார்கள். மறுபடியும் கட்டை மாற்ற வேண்டியதாயிற்று. புகையிரத ஞாபகப் பொருள் சேர்க்கும் ஆசை அமெரிக்காவில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் நேயர்களே, மேற்கிலிருந்து வந்த பாதையைப் பெரும்பாலும் அமைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சியரா நெவாடா மலையைக் குடைந்து வழி சமைத்தார்கள். கம்பனியின் சம்பளப் பேரேடுகளில் பெரும்பாலும் அவர்களின் தலைவர்மாருடைய பெயர்களே உள்ளன. அதே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 2012ஆம் ஆண்டில் அத்தொழிலாளரின் வரலாற்றைத் தேடும் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினர். பாதையமைத்த தொழிலாளி ஒருவர் தம் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றுகூட அகப்படவில்லை. அவர்கள் தங்கியிருந்த இடங்களைத் தோண்டியோர் கண்டவை சோற்றுக் கோப்பைத் துண்டுகளும் செப்புக் காசுகளும் போன்றவையே. பொன்னாணியில் பெயர் உண்டு. உடைந்த கோப்பையில் பெயர் இல்லை. சேகரிப்புக் கலையின் அடிப்படைச் சிக்கல் இதுவே என்று எனக்குத் தோன்றுகின்றது.

பழைய புகையிரதப் பொருட்கள் என்றால் எவை? கைவிளக்குகள், பித்தளைப் பூட்டுக்களும் திறப்புகளும், பயணச்சீட்டுக்கள், நேர அட்டவணைகள், உணவு வண்டியில் வைத்த பீங்கான்கள், தொப்பிச் சின்னங்கள், சட்டைப்பைக் கடிகாரங்கள் என்று அப்பட்டியல் நீளும். இவை எவையும் அலங்காரத்துக்கென்று செய்தவையல்ல. ஒவ்வொன்றும் ஒரு கடமைக்காகச் செய்தது. கைவிளக்கின் சட்டத்திலும் கண்ணாடியிலும் கம்பனியின் முதலெழுத்துக்கள் இருக்கும். கண்ணாடியின் நிறம் ஒரு மொழி. சிவப்பு என்றால் 'நில்' என்பது பொருள். இருட்டில் அந்த மொழியைப் பிழையாக வாசித்தவன் பலரின் உயிருக்கு விலை சொல்ல வேண்டும்.

கடிகாரத்தின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒகாயோ மாநிலத்துக் கிப்ரன் என்ற சிற்றூரில் தபால் வண்டியும் பயணிகள் வண்டியும் நேருக்கு நேர் மோதின. பயணிகள் வண்டிச் சாரதியின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுவிட்டுப் பின்னர் தானாக ஓடியதே விபத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பின்னர் கிளீவ்லாந்து நகரத்து நகை வியாபாரியான போல் என்பவர் கடிகாரப் பரிசோதனைக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். புகையிரத ஊழியரின் கடிகாரங்கள் ஒழுங்காகச் சோதிக்கப்படலாயின. இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்கும் 'றெயில்வே கடிகாரம்' இத்தகைய துயரங்களிலிருந்து பிறந்த ஒழுங்கின் குழந்தை. இந்தக் கதை தெரியாதவனுக்கு அது வெறும் வெள்ளி வட்டம். தெரிந்தவனுக்கு நான்கு நிமிடத்தின் கனம்.

இனி, ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலெக்ரா ஹவமையர் வெப் என்பது அவர் பெயர். பிறந்தது 1888இல். தந்தையார் அமெரிக்கச் சீனி வணிகத்தின் அதிபதி. தாயார் பிரெஞ்சு ஓவியங்களைச் சேர்த்துப் புகழ்பெற்றவர். மொனே, மனே, டெகா ஆகியோரின் படங்கள் தொங்கிய வீட்டிலே வளர்ந்த இந்த மகள், இருபது வயதாகுமுன்னரே ஒரு புகையிலைக் கடை வாசலில் நின்ற மரப்பொம்மையைக் கண்டு மயங்கி, பதினைந்து டொலர் கொடுத்து வாங்கிவந்தாள். வாசிக்கத் தெரியாதோருக்கும் 'இங்கே புகையிலை விற்கப்படும்' என்று அறிவிக்கும் விளம்பரப் பொம்மை அது. தாயார் திடுக்கிட்டுப் போனார். வீட்டுக்குள் இதற்கு என்ன இடம் என்பது அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் மகளின் கண் வேறு. தச்சனும் கொல்லனும் தையற்காரியும் தம் தேவைக்குச் செய்தவற்றிலும் கலை உண்டு என்று அந்தக் கண் கண்டது. கூரை உச்சியில் காற்றின் திசை காட்டும் செப்புச் சேவல், வேட்டைக்காரர் நீரில் மிதக்கவிட்ட மரவாத்து, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த போர்வை, கப்பல் முகப்பிலிருந்த சிற்பம் ஆகியவற்றை, குப்பையென்று பிறர் ஒதுக்கிய காலத்திலேயே அவர் வாங்கிச் சேர்த்தார்.

1910இல் அவர் மணந்துகொண்டது வேர்மொண்ட் மாநிலத்தில் வேரூன்றிய வெப் குடும்பத்து மகனை. மாமனார் வைத்தியப் பட்டம் பெற்றவர். எனினும் புகையிரதத் தொழிலிலே பேரெடுத்தவர். சொகுசு வண்டிகள் செய்த வாக்னர் கம்பனியின் தலைவராக இருந்தார். மாமியாரோ நியூயோர்க் சென்ட்ரல் பாதையை ஆண்ட வாண்டர்பில்ட் குலத்தவர். சீனியும் புகையிரதமும் தந்த செல்வம் இவ்வாறு ஓரிடத்தில் சேர்ந்தது.

1947இல் எலெக்ரா அம்மையார் ஷெல்பேர்ண் என்ற ஊரில் ஒரு நூதனசாலையை நிறுவினார். பொருட்களை மட்டுமல்ல, கட்டடங்களையே அவர் சேகரித்தார். ஒரு கலங்கரை விளக்கம், ஒரு சிறைச்சாலை, கூரையிட்ட ஒரு மரப்பாலம் என்பன அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. மாமனார் 1890இல் கட்டுவித்த ஷெல்பேர்ண் புகையிரத நிலையமும் 1959இல் அவ்வாறே வந்து சேர்ந்தது. அப்பாதையில் பயணிகள் சேவை 1953இலேயே நின்றுபோயிருந்தது. நிலையத்தில் தந்திக் கருவிகளும் கைவிளக்குகளும் வைக்கப்பட்டன. வெளியே 1915இல் செய்த 220ஆம் இலக்க நீராவி எஞ்சின். சனாதிபதிகளின் விசேட வண்டிகளை இழுத்த பெருமை அதற்குண்டு. அருகே மாமனாரின் கம்பனி 1890 அளவில் செய்த 'கிராண்ட் ஐல்' என்னும் தனியார் சொகுசு வண்டி. உள்ளே மெருகேற்றிய மகோகனிப் பலகைச் சுவர்கள், உணவறை, படுக்கையறை.

இவற்றினும் வியப்பானது 'ரைக்கொண்டரோகா' என்ற நீராவிக் கப்பலின் பயணம். 220 அடி நீளமான அக்கப்பல் சாம்பிளேன் ஏரியில் ஓடியது. அதனை நூதனசாலைக்குக் கொண்டுவர 1955இன் பனிக்காலத்தில் தரையிலே தண்டவாளம் போட்டார்கள். கப்பல் கடந்த தண்டவாளத்தைப் பின்னிருந்து கழற்றி முன்னால் போட்டுப் போட்டு இரண்டு மைல் தூரம் இழுத்துச் சென்றார்கள். கப்பல் புகையிரதமாகிப் போன அதிசயம்! பழைய பொருள் மீது கொண்ட காதல் மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இது உதாரணம்.

எலெக்ரா அம்மையார் 1960இல் காலமானார். அவர் இல்லையேல் இவற்றுட் பல விறகாகவும் பழைய இரும்பாகவும் போயிருக்கும். இதில் ஐயமில்லை. எனினும் அந்த நூதனசாலையை மனத்தாற் சுற்றிவருகின்ற ஒரு தமிழாசிரியனுக்கு ஒரு குறை உறுத்துகின்றது. சொகுசு வண்டிக்குப் பெயர் இருக்கின்றது. அதை அன்பளிப்புச் செய்தவருக்கும் பெற்ற ஆளுநருக்கும் பெயர் இருக்கின்றது. மகோகனிப் பலகைக்கு மெருகு தேய்த்தவன் யார்? புகையிலைக் கடைப் பொம்மைகளைச் செதுக்கியோர் பலர் கப்பற் சிற்பிகள். பாய்க்கப்பல் மங்கியபோது தொழிலிழந்து கடைப்பொம்மைக்கு வந்தவர்கள். அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் தெரியாது. அப்பொம்மை காட்டுவதாகச் சொல்லப்படும் ஆதிக்குடி மனிதரோ எவர் முகத்தையும் பார்த்து வடித்த உருவமல்லர். வியாபாரத்துக்குக் கற்பனை செய்த உருவம். இரு தரத்தாரும் பெயரிழந்து அந்த மரத்துள் நிற்கின்றார்கள்.

இங்கே இன்னொரு சேகரிப்பைச் சொல்வது பொருந்தும். அமெரிக்காவில் 'ஹோபோ' எனப்பட்டோர், வேலை தேடிச் சரக்கு வண்டிகளில் சீட்டின்றித் தொற்றி ஊரூராய்ப் போன நாடோடித் தொழிலாளர். 1913 முதல் 1938 வரை வார்க்கப்பட்ட ஐந்து சத நாணயத்தில் ஒரு பக்கம் ஆதிக்குடி மனிதரின் முகமும் மறுபக்கம் காட்டெருமையும் இருந்தன. முகம் பெரிதாயும் புடைப்பாயும் இருந்தமையால் செதுக்க வாய்ப்பாயிற்று. கையிற் கிடைத்த ஆணியாலும் கத்தியாலும் அந்த முகத்தைத் தொப்பியும் தாடியும் கொண்ட முகமாக மாற்றினர். எருமையைக் கழுதையாகவோ, மூட்டை சுமந்த வழிப்போக்கனாகவோ ஆக்கினர். ஐந்து சதம் ஒரு வேளைச் சாப்பாடாயிற்று, ஓரிரவுத் தங்குமிடமாயிற்று.

அவர்களுள் பேர்ட் வீகண்ட் என்பவர் ஓர் உபாயம் செய்தார். நாணயத்திலே 'சுதந்திரம்' என்று பொருள்படும் 'லிபேர்ட்டி' என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. அதன் முதலிரண்டு எழுத்துக்களையும் கடைசி எழுத்தையும் தேய்த்து நீக்கினார். எஞ்சியது 'பேர்ட்' என்ற தம் பெயர்! அரசாங்கம் அச்சிட்ட சுதந்திரத்துக்குள்ளிருந்து, சீட்டில்லாமற் பயணஞ் செய்த ஒரு மனிதர் தம் பெயரைத் தோண்டி எடுத்துவிட்டார். அவரிடம் பயின்ற ஹியூஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் இத்துறையிற் பெயர்பெற்றார். இன்று அந்த ஐந்து சத நாணயங்கள் சில ஆயிரக்கணக்கான டொலருக்கு விலை போகின்றன. 1992இல் இவற்றுக்கென்றே ஒரு சங்கமும் தோன்றியது. பொன்னாணியையும் இந்தச் செப்பு நிக்கல் காசையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எனக்குக் காசுதான் கனமாகத் தெரிகின்றது. பொன்னாணியின் பெயர்கள் கூலி கொடுத்துப் பொறித்தவை. காசின் பெயர் பசியோடு பொறித்தது.

நேயர்களே, எமது முன்னோர் நடுகல் நாட்டினர். கல்லைத் தெரிவது முதல் வாழ்த்துவது ஈறாக அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கின்றது. அக்கல்லில் வீழ்ந்தவனின் பெயரையும் அவன் செய்த செயலையும் எழுதுவது மரபு. எழுத்தில்லாத கல் வெறுங்கல். எழுத்துள்ள கல்லே நடுகல். சேகரிப்புக்கும் இதுவே இலக்கணமாகலாம். பொருளைக் காப்பது பாதி வேலை. அது எங்கே இருந்தது, எவர் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை எழுதிவைப்பது மறுபாதி. மறுபாதி இல்லாத சேகரிப்பு, விலை தெரிந்த குவியல் மட்டுமே.

சில நாட்கள் கழித்து அந்த மாணவனை அழைத்தேன். "விலை போகாது தம்பி, பழைய இரும்புக் கடைக்காரனிடம் நிறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தேறாது. ஆனால் ஒரு கொப்பியை எடு. எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில், எந்தத் திகதியில் எடுத்தாய் என்று எழுது. அந்தக் காணியில் பங்கர் இருந்ததா, யார் வெட்டினார்கள், யார் யார் அதற்குள் இருந்தார்கள் என்று வீட்டிலே பெரியவர்களைக் கேள். அதையும் எழுது" என்றேன்.

மறுநாள் அவன் கொப்பியோடு வந்தான். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய அம்மம்மா பதினொரு பெயர்கள் சொல்லியிருந்தார். அவற்றில் மூன்றுக்குக் கீழே அவன் கோடிட்டிருந்தான். அந்த மூவரும் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆணியை ஒரு துணியிற் சுற்றிக் கொப்பியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.